விலைப்பட்டியலில் வராத கைவேலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் 'வார்ஹேமர் 40,000' பற்றி, அதாவது சின்னப் பொம்மை வீரர்களை ஒட்டி, வண்ணம் பூசி, படையாக மேஜையில் மோதவிடும் விளையாட்டைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். இந்த விஷயத்தைத் தமிழில் எழுத ஒருவர் முன்வந்தது எனக்குச் சந்தோஷம். ஆனால் பெட்டி என்ன விலை, கம்பெனியின் பங்கு என்ன விலை, வளர்ந்த மனிதர்கள் பொம்மைக்கு இவ்வளவு காசு கொட்டுகிறார்களே என்ற ஆச்சரியம், பெரும்பாலும் இத்தோடு கட்டுரை முடிந்துவிட்டது. கேம்ஸ் வொர்க்‌ஷாப் என்ற இதன் தயாரிப்புக் கம்பெனி 2024 டிசம்பரில் லண்டன் பங்குச் சந்தையின் முதல் 100 நிறுவனங்களுக்குள் நுழைந்தது செய்திதான், மறுக்கவில்லை. வாங்கிய பெட்டியைப் பிரித்த பிறகு வீட்டு மேஜையில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்கலாம். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் கோவை கணபதியில் ஒரு டூல் ரூமில் டை வேலை, அதாவது உலோகத்தில் அச்சு வெட்டும் வேலை, கற்றவன். இப்போது இங்கிலாந்தில், லெஸ்டரில், பிளாஸ்டிக் வார்க்கும் அச்சான மோல்டு செய்யும் பட்டறையில் இருக்கிறேன். இந்த மினியேச்சர்கள், அதாவது சின்னப் பொம்மைகள், தயாராகும் நாட்டிங்ஹாம் இங்கிருந்து ரயிலில் கொஞ்ச தூரம்தான். என் மகள் பள்ளித் தோழிகள் மூலம் இதற்குள் வந்தாள், நான் அவள் மூலம் வந்தேன். அவள் முதல் பெட்டியைப் பிரித்தபோது எனக்குக் கண்ணில் பட்டது மோல்டுதான். ஒரு சாம்பல் நிறச் சட்டம், அதில் தலை, கை, துப்பாக்கி, முதுகுப்பை எல்லாம் தனித்தனியாகத் தொங்கின. ஏன் முழு ஆளாக வார்க்கவில்லை என்று அவள் கேட்டாள். இரும்பு மோல்டு இரண்டு பாதியாகத்தான் திறக்கும், நேராகத்தான் விலகும். மார்புக்குக் குறுக்கே துப்பாக்கி பிடித்த கையை ஒரே வார்ப்பில் எடுக்கப் பார்த்தால், கைக்குப் பின்னால் இருக்கும் இடம் அண்டர்கட், அதாவது மோல்டு விலக முடியாமல் மாட்டிக்கொள்ளும் பள்ளம், ஆகிவிடும், துண்டு வெளியே வராது. அதனால்தான் ஆளைத் துண்டு துண்டாகப் பிரித்து வார்க்கிறார்கள்.

இது தொழிற்சாலைக்கு ஏற்பட்ட நெருக்கடி. ஆனால் பாருங்கள், துண்டாக வந்ததால்தான் ஒருவனுடைய கையை இன்னொருவனுக்கு ஒட்ட முடிகிறது. 1987இல் விளையாட்டு வந்த அதே ஆண்டில் வந்த முதல் பிளாஸ்டிக் ஸ்பேஸ் மரீன் (பேரரசரின் கவச வீரர்கள்) பெட்டியே இப்படித்தான், கை, தலை எல்லாம் தனித்தனி. வாங்கியவர்கள் உடனே மாற்றி ஒட்ட ஆரம்பித்துவிட்டார்கள். பொருளும் பாலிஸ்டைரீன் என்பதால் அதற்கென்று உள்ள பிளாஸ்டிக் சிமெண்ட் என்ற பசையைத் தடவினால் இரண்டு பக்கமும் லேசாக உருகி ஒன்றாகிவிடும், வெறும் ஒட்டு கிடையாது, வெல்டிங் மாதிரி. இப்படிச் செய்வதைத்தான் ஹாபியில் கன்வெர்ஷன் என்றும், பல பெட்டிகளைக் கலந்து கட்டினால் கிட்பாஷ் என்றும் சொல்கிறார்கள். ஆரம்ப நாட்களில் டியோடரண்ட் டப்பாவை வைத்து மிதந்து போகும் டாங்கி செய்வது எப்படி என்று கம்பெனியே சொல்லிக்கொடுத்தது.

அடுத்தது கதை. ரிக் பிரீஸ்ட்லி என்பவர் வடிவமைத்து 1987இல் வந்த இந்த விளையாட்டின் கதை உலகத்தை 'லோர்' என்கிறார்கள். நாற்பதாயிரமாவது ஆண்டுக்கு அப்பால், அசையாமல் சிம்மாசனத்தில் இருக்கும் ஒரு பேரரசர், விண்மீன் மண்டலம் முழுக்க முடியாத போர். உங்கள் கட்டுரையாளர் இதை 'பின்னணிக் கதை' என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டார். எனக்கு அங்கேதான் வருத்தம். அந்த லோரின் பெரிய தூணே மோல்டுச் செலவிலிருந்து பிறந்தது. 1988இல் 'அடெப்டஸ் டைட்டானிகஸ்' என்று ராட்சத இயந்திரங்கள் மோதும் ஒரு விளையாட்டைக் கொண்டுவந்தார்கள். இரண்டு தரப்புக்கும் தனித்தனி இயந்திரம் செய்ய வசதியில்லை, டைட்டன் என்ற அந்த ராட்சத இயந்திரத்துக்கு இருந்தது ஒரே வடிவம்தான். ஒரே இயந்திரம் இரண்டு பக்கமும் நின்று ஏன் சண்டை போடவேண்டும்? உள்நாட்டுப் போர் என்றால் சரியாகிவிடும். ஹோரஸ் என்ற தளபதி பேரரசருக்கு எதிராகக் கிளர்ந்த கதை அப்படித்தான் முக்கியத்துவம் பெற்றது. 2006இல் தொடங்கி 2024 வரை அந்தக் கிளர்ச்சியைப் பற்றி ஐம்பதுக்கும் மேற்பட்ட நாவல்கள் வந்துவிட்டன. இரும்பில் மோல்டு வெட்டுபவன் நான், எனக்கு இதைவிடப் பெருமையான செய்தி வேறில்லை.

அது மாதிரியே லோரில் விடப்பட்ட காலி இடங்களில் மனிதர்கள் கைவேலையைக் கொண்டுவந்து வைத்தார்கள். பேரரசர் உருவாக்கிய ஸ்பேஸ் மரீன் படைகள் இருபது, அதில் இரண்டாவதும் பதினொன்றாவதும் ஆவணங்களிலிருந்து அழிக்கப்பட்டவை, காரணம் சொல்லப்படவில்லை. அவற்றைப் பிரித்துப் பின்னாளில் வந்த சாப்டர்கள் என்ற சின்னப் படைகள் ஆயிரம் என்று சொல்லி, கொஞ்சத்துக்குத்தான் பெயர் வைத்தார்கள், மிச்சத்தை நாம் வைத்துக்கொள்ளலாம். செவ்வாய்க் கிரகத்து இயந்திரப் பூசாரிகளான அடெப்டஸ் மெக்கானிகஸ் கதையில் ஆரம்பத்திலிருந்தே உண்டு. ஆனால் அவர்களுக்கென்று 40,000இல் முழுப் படையாகப் பெட்டிகள் வந்தது 2015இல்தான். அதுவரைக்கும், பல ஆண்டுகள், அந்தப் பூசாரிகளை நேசித்தவர்கள் வேறு வேறு பெட்டிகளிலிருந்து கை கால்களை எடுத்துத் தாங்களாகவே படை கட்டினார்கள்.

நானும் ஒரு பூசாரியைச் செய்து வைத்திருக்கிறேன். உடம்பு, அந்தப் பூசாரிகளின் போர்வீரர்களான ஸ்கிட்டாரிப் பெட்டியிலிருந்து. முதுகிலிருந்து நெளிந்து வரும் இயந்திரக் கைகளுக்குச் சுற்றுக்கம்பி போட்ட கிட்டார் தந்தி, வெட்டிச் சூடு காட்டி வளைத்தால் குழாய் மாதிரியே இருக்கும். பீடத்தில் பழைய கைக்கடிகாரத்தின் பற்சக்கரங்கள். கையை நிறுத்த பின் வைஸ் என்ற சின்னக் கைத்துளைக் கருவியால் ஒரு மில்லிமீட்டர் துளை போட்டு, பேப்பர் கிளிப் கம்பியைச் செருகி ஒட்டினேன், வெறும் பசையை மட்டும் நம்பினால் தூக்கும்போது கையோடு வந்துவிடும். அங்கியின் மடிப்புகளுக்கு கிரீன் ஸ்டஃப். அது நீலமும் மஞ்சளுமாக வரும் எபாக்ஸி, பிசைந்தால் பச்சையாகும், ஒரு மணி நேரத்துக்கு மேல் இளகி இருக்கும். கருவியைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டேதான் வேலை செய்யவேண்டும், இல்லையென்றால் ஒட்டிக்கொண்டு வரும். ஒரு மடிப்பை முடித்து இறுக விட்டுவிட்டுத்தான் பக்கத்து மடிப்புக்குப் போகவேண்டும், அவசரப்பட்டால் விரல் ரேகை பதிந்துவிடும். இரண்டு அங்குலம்கூட இல்லாத ஆளுக்கு இவ்வளவு வேலை. பெட்டி விலையை மட்டும் பார்த்தால் இந்த நேரம் எதுவும் கணக்கில் வராது.

அந்தப் பூசாரியை வைத்துத்தான் எங்கள் வீட்டில் பெரிய லோர் விவாதமே. கதைப்படி அவர்கள் இயந்திரத்துக்குள் ஆவி இருப்பதாக நம்புகிறவர்கள். ஊதுபத்தி காட்டி, புனித எண்ணெய் தடவி, மந்திரம் சொன்னால்தான் இயந்திரம் ஓடும் என்பார்கள். மகள் சொன்னாள், "இது ஆயுத பூஜைதானேப்பா?" நான் ஒப்புக்கொள்ளவில்லை. கணபதியில் எங்கள் லேத்துக்கும் சந்தனம் குங்குமம் வைப்போம், பொரி கடலை படைப்போம், அன்றைக்கு ஓட்ட மாட்டோம். ஆனால் பூஜை முடிந்து இரண்டாம் நாளே ஹெட்ஸ்டாக்கைத் திறந்து பேரிங் மாற்றுவோம், முடிந்தால் முன்னைவிட நன்றாக ஓட வைப்போம். மெக்கானிகஸ் பூசாரிக்கு அந்த உரிமை கிடையாது. புதிதாக எதையாவது செய்தால் அவன் மதத் துரோகி. தொலைந்துபோன பழைய வரைபடங்களைத் தேடிக்கொண்டு அலைவதே அவர்களுக்கு வேலை. அதற்கு அவள் அந்தப் பூசாரிகளில் ஒருவரான பெலிசாரியஸ் கௌலை இழுத்தாள். பத்தாயிரம் ஆண்டு ரகசியமாக உழைத்துப் புதிய ரக ஸ்பேஸ் மரீன்களைக் கொண்டுவந்தவர், லோரில் 2017இல் வந்து சேர்ந்த பாத்திரம். அவர் கண்டுபிடித்தாரா, இருந்ததைச் சேர்த்துப் பொருத்தினாரா என்பதில் எங்களுக்குள் இன்னும் முடிவில்லை. பதினாறு வயதுப் பெண்ணோடு தமிழில் ஒரு மணி நேரம் பேச எனக்கு வேறு என்ன வழி இருக்கிறது சொல்லுங்கள்.

அவளுடைய படை சிஸ்டர்ஸ் ஆஃப் பேட்டில், கவசம் பூண்ட போர்க் கன்னியர். லோரில் ஆறு பெரிய சபைகள் உண்டு, சின்னச் சபைகள் எண்ணிலடங்காதவை. அவள் தனக்கென்று ஒரு சின்னச் சபை வைத்துக்கொண்டாள். என் மனைவியின் ஊர் தூத்துக்குடி. விடுமுறைக்குப் போனபோது உப்பளத்தில் பெண்கள் வெயிலில் நின்று உப்பு வாரும் காட்சி அவள் மனதில் நின்றுவிட்டது. கடல் வற்றிப்போன ஒரு கிரகம், பேரரசுக்கு வரியாக உப்பைத் தவிர வேறு எதையும் கொடுக்க முடியாத மக்கள், அந்தப் பாத்திகளில் வளர்ந்த கன்னியர், இதுதான் அவள் எழுதிய கதை. கதை வந்ததும் கவசம் மாறவேண்டியிருந்தது. காலில் துணி சுற்றியிருக்கவேண்டும் என்று கிரீன் ஸ்டஃபை மெல்லிய பட்டையாக உருட்டி முழங்கால்வரை சுற்றினாள். பீடத்தில் சூப்பர் குளூ தடவி அதன்மேல் சமையல் சோடா தூவினால் உடனே இறுகி உப்புப் படிவம் போலவே நிற்கும். கவசத்துக்கு முதலில் துரு நிறம் அடித்தாள், அது காய்ந்ததும் ஈரப்படுத்தி ஆங்காங்கே பொடித்த உப்பைத் தூவினாள், அதன்மேல் வெள்ளை வண்ணத்தை ஸ்பிரே செய்தாள், காய்ந்ததும் பிரஷால் உப்பைத் தட்டிவிட்டாள். உப்பு இருந்த இடமெல்லாம் பெயிண்ட் உரிந்து துரு தெரிகிற மாதிரி வந்துவிட்டது. மாடல் கட்டுகிறவர்கள் போர் விமானங்களுக்குப் பல காலமாகச் செய்யும் உத்திதான் இது. அவள் பாட்டி அனுப்பிய கல் உப்பை இடித்து அதற்குப் பயன்படுத்தினாள்.

எதிர்த்து ஆட வருகிறவர்கள் முதலில் கேட்பது "இது எந்தச் சபை?" என்றுதான். அவள் கதையைச் சொல்வாள், அவர்கள் குறுக்குக் கேள்வி கேட்பார்கள். உப்புக் கிரகத்துக்குக் குடிநீர் எங்கிருந்து வருகிறது என்று ஒருவர் கேட்டார். அதற்குப் பதிலாக அவள் ஒரு தண்ணீர்க் கப்பல் செய்ய ஆரம்பித்திருக்கிறாள், ஷாம்பு பாட்டிலிலும் பிளாஸ்டிகார்டு தகட்டிலும்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் காலி இடங்கள் இப்போது சுருங்கிவருகின்றன. சாப்டர்ஹவுஸ் ஸ்டூடியோஸ் என்ற சின்ன அமெரிக்க நிறுவனம், கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் பாத்திரங்களுக்குப் பொருந்தும் தோள்கவசம் முதலான துண்டுகளை விற்றது. அதன்மேல் 2010இல் வழக்குப் போட்டார்கள், 2013இல் ஜூரி தீர்ப்பு இரண்டு பக்கத்துக்கும் கலந்தே வந்தது. அதற்குப் பிறகு, பெட்டி இல்லாத பாத்திரத்துக்கு ஆட்ட விதியும் இல்லை என்ற நிலை படிப்படியாக வந்துவிட்டது. முன்பு விதி நூலில் பெயரும் பலமும் மட்டும் இருக்கும், உருவம் நம் பொறுப்பு. லோரில் வரும் ஓர்க்குகள் என்ற முரட்டு இனத்தார் பிறரிடமிருந்து பறித்து மாற்றிக்கட்டிய டாங்கி அப்படிப்பட்டது, அதற்கெனப் பெட்டியே கிடையாது, ஒவ்வொருவர் மேஜையிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். கம்பெனி தன் உரிமையைக் காப்பதை நான் குறை சொல்லமாட்டேன், மோல்டுக்கு எவ்வளவு செலவாகும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும், கடையில் கிடைப்பதுதான் கதையில் இருக்கலாம் என்றால் என் மகள் மாதிரி பிள்ளைகளுக்குக் கதையில் செய்ய என்ன மிச்சமிருக்கும்? விதி நூலில் இடம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நண்பர்களோடு பேசி ஒத்துக்கொண்டு ஆடுங்கள் என்பதே நான் இளையவர்களிடம் சொல்வது.

போரைக் கொண்டாடுகிறது என்ற குற்றச்சாட்டும் கட்டுரையில் இருந்தது. தகப்பன் என்ற முறையில் அதை நானும் யோசித்தவன். அந்தப் பேரரசு கொடுங்கோல் அரசு, வெறுப்பில் ஓடுவது. அதைப் போற்ற வேண்டாம், மனிதகுலம் எவ்வளவு கெடலாம் என்பதற்கு எச்சரிக்கையாகத்தான் எழுதினோம் என்று கம்பெனியே 2021இல் வெளிப்படையாக அறிவித்தது. மகளுக்கும் அது நன்றாகத் தெரியும். உப்பு வாரும் மக்களிடம் கடைசி மூட்டையையும் வரியாகப் பிடுங்குவது அவள் கதையில் அந்தப் பேரரசுதான்.

கட்டுரையைப் படித்துவிட்டு 'இவ்வளவு விலையா' என்று ஒதுங்கிய பிள்ளைகள் ஊரில் இருப்பார்கள். அவர்களுக்காக இதையும் சேர்த்துப் போடுங்கள். பெட்டி வாங்காமலே தொடங்கலாம். குழாய் ஒழுக்கு அடைக்க வாங்கும் எம்-சீல், ஃபெவிக்விக், தீர்ந்துபோன பேனா, மாத்திரை அட்டை, உடைந்த பொம்மைக் கார், ஒரு நல்ல கத்தி போதும். எம்-சீல் முகம் செதுக்க ஒத்துவராது, சீக்கிரம் இறுகிவிடும். பாறைக்கும் கவசத்துக்கும் பீடத்துக்கும் தாராளமாகப் போடலாம். வார்ப்புக் கோடு இருந்தால் கத்தியின் முதுகால் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் பெயிண்ட் அடிக்கவேண்டும். கத்தியைப் பிள்ளைகள் கையாளும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது கடைக்கு அனுப்புகிற நிருபரை ஒரு ஆட்டத்துக்கும் அனுப்புங்கள். ஆடுகிறவர்களிடம் விலையைக் கேட்ட பிறகு, 'இது யார், எங்கிருந்து வருகிறார், ஏன் இந்தக் கை மட்டும் வேறு மாதிரி இருக்கிறது' என்றும் கேட்கச் சொல்லுங்கள். படம் தேவைப்பட்டால் எங்கள் உப்புக் கிரகத்துப் படையை எடுத்து அனுப்பி வைக்கிறோம், தண்ணீர்க் கப்பல் முடிந்ததும்.

இப்படிக்கு,
ஒரு டை மேக்கர்,
லெஸ்டர், இங்கிலாந்து.