பெப்சி பாசியும் கல்லூரி நூலகரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "எல்லாம் கைபேசியிலேயே கிடைக்கிறபோது கல்லூரிக்கு நூலகர் எதற்கு?" என்று சென்ற இதழில் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். இராமநாதபுரம் கடற்கரையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கல்லூரி நூலகராக இருக்கிறவள் என்ற முறையில் அவருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. எங்கள் வேலை எப்படி மாறிவிட்டது என்பதை நாங்களே இதுவரை வெளியில் எடுத்துச் சொன்னதில்லை.

போன மாதம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். முதுகலை தாவரவியல் படிக்கும் மாணவி ஒருத்தி ப்ராஜெக்ட் வேலையாக நூலகத்துக்கு வந்தாள். மண்டபம் பக்கத்துப் பிள்ளை. அவள் அம்மா கடல்பாசி வளர்க்கும் மிதவைகளுக்கு விதை கட்டும் வேலைக்குப் போகிறவர். அவளும் பாசி வளர்ப்பையே தலைப்பாக எடுத்திருந்தாள். செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றிடம் கேட்டு வாங்கிய 12 ஆய்வுக் கட்டுரைகளின் பட்டியலைக் கைபேசியில் காட்டி, "இதையெல்லாம் டவுன்லோடு பண்ணித் தாங்க மிஸ்" என்றாள். ஒவ்வொன்றாகத் தேடினோம். கட்டுரையாளர் பெயர், ஆண்டு, தொகுதி எண், பக்க எண் எல்லாம் இலட்சணமாக இருந்தன. ஆனால் ஏழு கட்டுரைகள் எங்குமே இல்லை. யாரும் எழுதாத கட்டுரைகள். ஒன்றுக்குக் கொடுத்திருந்த, கட்டுரையை இணையத்தில் அடையாளம் காட்டும் டிஓஐ எண்ணைத் தட்டினால் எலும்பு முறிவு பற்றிய மருத்துவக் கட்டுரை திறந்தது. பிள்ளையின் முகம் சுண்டிப்போனது. "அப்ப இது பொய் சொல்லுதா மிஸ்?" என்றாள். பொய் சொல்ல அதற்குத் தெரியாதும்மா, எந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் எந்தச் சொல் வழக்கமாக வருமோ அப்படிக் கோத்துக் கொடுக்கிறது, மெய்தானா என்று பார்ப்பது நம் வேலை என்றேன்.

அதன்பிறகு, "வீட்டுல இந்தப் பாசிய என்னன்னு சொல்லுவீங்க?" என்று கேட்டேன். "பெப்சி பாசி" என்றாள். 2000ஆம் ஆண்டு வாக்கில் பெப்சி நிறுவனம் ஒப்பந்த முறையில் இதை இங்கே வளர்க்க வைத்ததால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. அறிவியல் பெயர் கப்பாபைக்கஸ் அல்வரேசியை. அதற்கும் முன்னால் யூக்கியூமா என்ற பேரினத்தில் வைத்திருந்தார்கள். புதுப் பெயரை மட்டும் போட்டுத் தேடினால் பழைய கட்டுரைகள் பல கண்ணில் படாமலே போய்விடும். மரிக்கொழுந்துப் பாசி என்றால் ஜெலிடியெல்லா, கட்டக்கோரை என்றால் சர்காசம். ஒரு பேப்பரின் பின்பக்கத்தில் மூன்று பத்தி பிரித்து, ஊர்ப் பெயர், இன்றைய அறிவியல் பெயர், பழைய அறிவியல் பெயர் என்று எழுதினோம். ஊர்ப் பெயர்களை அவள் சொன்னாள், மற்ற இரண்டையும் நான் தேடிக் கொடுத்தேன்.

அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் இணையக் களஞ்சியத்தைத் திறந்தோம். 1947இல் தொடங்கிய அந்த நிறுவனம் 1949இல் மண்டபத்துக்கு வந்து, 1971இல் கொச்சிக்கு மாறும்வரை இங்கேதான் தலைமையிடமாக இயங்கியது. அதன் வெளியீடுகளைக் காசில்லாமல் படிக்கலாம். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் எழுதிய கட்டுரைகள் அடியில் "மண்டபம் கேம்ப்" என்ற முகவரியோடு வரிசையாக வந்தன. "எங்க வீட்டுலேர்ந்து நடந்து போற தூரம் மிஸ் இது" என்றாள். அவள் ஊர்க் கடலைப் பற்றி, அவள் ஊரிலேயே உட்கார்ந்து எழுதியவை. அவை இருப்பது அன்றுவரை அவளுக்குத் தெரியாது. இரண்டு மணி நேரம் ஆனது. வாசகர் கேட்ட கேள்விக்கு என் முதல் பதில் அந்த இரண்டு மணி நேரம்தான்.

இன்னொரு மாணவர் ஒரு கட்டுரையில் "கடல் வெள்ளரிக்காய்" என்று பத்து இடத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். ஆங்கிலக் கட்டுரையை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு அப்படியே எடுத்தது. ஆங்கிலத்தில் 'சீ குகும்பர்' என்பது நம் கடல் அட்டைதான். கடல் அட்டையைத் தெரியாத வீடு நம் கரையில் உண்டா? 2001இலிருந்து அதைப் பிடிக்கத் தடை இருக்கிறது, கடத்தலில் சிக்கிய செய்தி பேப்பரில் வந்தபடி இருக்கிறது. அவருடைய பெரியப்பா அட்டை குளிக்கப் போனவர். அந்தப் பிள்ளைக்குத் தான் தெரிந்துவைத்திருக்கிற உயிரைப் பற்றித்தான் எழுதியிருக்கிறோம் என்பதே உறைக்கவில்லை. இதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது இழுப்பறை நிறைய கேட்லாக் அட்டைகள் இருந்தன. புத்தகத்தை அக்சஷன் ரெஜிஸ்டரில் ஏற்றுவது, அலமாரியில் புத்தகத்தின் இடத்தைக் காட்டும் கால் நம்பர் போடுவது, இஷ்யூ, ரிட்டர்ன், வருடக் கடைசியில் ஸ்டாக் வெரிஃபிகேஷன், நோ டியூ என்று நாள் போகும். இன்று அதில் பெரும்பகுதியைக் கோஹா என்ற நூலக மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. அதனால் எங்களுக்கு வேலை குறைந்துவிட்டதாக நிர்வாகங்கள் எண்ணுகின்றன. பணியிடம் காலியானால் நிரப்புவதில்லை, வேறு துறை ஆசிரியர் ஒருவருக்கு இன்சார்ஜ் கொடுத்துச் சாவியை ஒப்படைத்துவிடுகிறார்கள்.

பணம் செலவாகவில்லை என்றும் சொல்ல முடியாது. அரசுக் கல்வி நிறுவனங்களுக்கான 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், ஏறத்தாழ 13,000 மின்னிதழ்கள். எங்களைப் போன்ற உதவிபெறும் கல்லூரிகளுக்கு நூலகங்களை இணைக்கும் இன்ஃப்ளிப்நெட் மையத்தின் என்-லிஸ்ட் என்ற மின்னிதழ், மின்னூல் சேவை இருக்கிறது. முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்குச் சோத்கங்கா, தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். இவ்வளவும் இருந்தும், நாங்கள் என்-லிஸ்ட் கணக்கு தொடங்கிக் கொடுத்த பிள்ளைகளில் பாதிப் பேர் ஒருமுறைகூட உள்ளே போகவில்லை. ஏனென்று விசாரித்தேன். பாஸ்வேர்டு போவது மின்னஞ்சலுக்கு. அந்த மின்னஞ்சலை ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் போட்ட அன்று கம்ப்யூட்டர் சென்டர்க்காரர் உருவாக்கியிருப்பார். அதன் பாஸ்வேர்டு அவரிடம் இருக்கும், இல்லாவிட்டால் அண்ணன் போனில் இருக்கும். வகுப்பு வகுப்பாகப் போய், ஒவ்வொரு பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துச் சரிசெய்தேன். ஒரு பருவம் முழுக்க அதற்கே போனது.

ஆய்வு மாணவர்கள் பாடு தனி. "எப்படியாவது பத்துக்குக் கீழ கொண்டு வந்துடுங்க மேடம்" என்று கேட்டு வருகிறார்கள். ஆய்வேட்டில் ஒப்புமை, அதாவது பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் அளவு, 10 சதவீதத்தைத் தாண்டினால் நடவடிக்கை உண்டு என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதி. எண்ணைக் குறைத்துத் தருவது என் வேலை அல்ல, மேற்கோளை மேற்கோளாகக் காட்டச் சொல்லித் தருவது என் வேலை என்று ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு மூன்றே நாளில் கட்டுரை போடும் போலி இதழ்கள் வேறு. நம்பகமான இதழ்களுக்கென 2019இல் வந்த கேர் பட்டியலையும் 2025 பிப்ரவரியில் மானியக் குழு கைவிட்டுவிட்டது. இதழின் தரத்தை இனிக் கல்வி நிறுவனங்களே பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். நூலகர் இல்லாத கல்லூரியில் அதை யார் பார்ப்பார்கள்?

மனம் ஆறாத ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் முன்பு வேலை பார்த்த கல்லூரி ஒன்றில், இடத்தை அடைக்கிறது என்று பழைய மாணவர் ப்ராஜெக்ட் தொகுதிகளை எடைக்குப் போட்டார்கள். அப்போது நான் விடுப்பில் இருந்தேன். அதில் தொண்ணூறுகளில் ஒரு தமிழ் முதுகலை மாணவர், பாம்பன் பக்கம் வலை இழுக்கும் பெரியவர்களிடம் கேட்டு எழுதிய, மீனவர்கள் வேலையின்போது பாடும் அம்பாப் பாடல்கள் இருந்தன. பாடியவர்கள் இன்று இல்லை, வேறு படியும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் ஸ்கேனர் வாங்கச் சொல்லிப் போராடினேன். ஆவணங்களை மின்வடிவில் சேமித்துத் தேட உதவும் டிஸ்பேஸ் மென்பொருளுக்குக் கட்டணம் கிடையாது, பழகிக்கொண்டேன். இப்போது எங்கள் மாணவர் எழுதும் ஒவ்வொரு ப்ராஜெக்ட்டும் அதில் ஏறுகிறது. கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று ஊர் வாரியாகத் தேடி எடுக்கலாம்.

நூலகவியலுக்கு உலகம் முழுக்க வழிகாட்டிய சீர்காழி எஸ்.ஆர்.ரங்கநாதன், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகும் முன்பு மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1931இல் அவர் வகுத்த ஐந்து விதிகளில் ஒன்று, வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்பது. வகுப்பறையில் நின்று பழகியவர் சொன்னது என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பற்று. பொய்ப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை வாரக்கணக்கில் அலையாமல் தடுப்பது அந்த விதியின்படி நடப்பதுதான்.

ஆகவே உயர்கல்வித் துறையிடம் உங்கள் இதழ் வழியாக நான் கேட்பது இதுதான். நூலகவியல் படித்து நெட், செட் தகுதித் தேர்வுகளில் தேறியவர்களைக் கொண்டு காலிப் பணியிடங்களை நிரப்புங்கள். முதலாண்டுப் பிள்ளைகளின் டைம்டேபிளில் வாரம் ஒரு மணி நேரம் நூலகருக்குக் கொடுங்கள். அட்மிஷன் விண்ணப்பம் சரிபார்க்கவும் தேர்வுக்கூட வேலைக்கும் எங்களை இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.

அந்த வாசகர் மண்டபம் பக்கம் வந்தால் எங்கள் நூலகத்துக்கு அவசியம் வர வேண்டும். அந்த மாணவி எழுதிய பாசிப் பெயர்த் தாளை இஷ்யூ கவுன்டருக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். இளங்கலைப் பிள்ளைகள் அம்மாவிடமும் அப்பத்தாவிடமும் கேட்டுவந்து ஊர்ப் பெயர்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். முதல் பத்தி நிறைந்து, கீழே இரண்டாவது தாளும் ஒட்டியாகிவிட்டது.

இப்படிக்கு,
கல்லூரி நூலகர் ஒருவர்,
இராமநாதபுரம் மாவட்டம்.