குதிரைப் பெட்டி வாங்கியவர்களுக்கும் வாங்கப் போகிறவர்களுக்கும்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம். செங்கோட்டை பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் இருக்கும் நம்ம பைண்டிங் கடையிலிருந்து எழுதுகிறேன். அண்ணாச்சி கடை என்றால் போதும், தெரியாதவர்கள் குறைவு. நோட்டுக்கு அட்டை போடுவதிலிருந்து கல்யாண ஆல்பம் வரைக்கும் இங்கே நடக்கிற வேலையெல்லாம் உங்களுக்கே தெரியும் என்பதால் அதைப் பற்றி இப்போது பேசப் போவதில்லை. ஜோயிட்ரோப் பெட்டி, அதாவது பிள்ளைகள் 'குதிரைப் பெட்டி' என்று கேட்டு வாங்குகிறார்களே, அதைப் பற்றித்தான் இந்த மடல். பக்கவாட்டில் இடுக்கு வெட்டிய உருளையான அட்டைப் பெட்டி அது, உள்ளே பன்னிரண்டு படம் வரைந்த ஒரு பட்டை இருக்கும், சுற்றிவிட்டு இடுக்கு வழியாகப் பார்த்தால் படத்தில் உள்ள குதிரை ஓடும்.

விஷயம் உங்களில் பலருக்கும் வந்து சேர்ந்திருக்கும். பெற்றோர் குரூப் ஒன்றில் ஒரு வீடியோ போட்டிருக்கிறார்கள். நம்ம பெட்டி சுற்றுகிறது, உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு கோடு மட்டும் தெரிகிறது, பின்னால் ஒரு குரல் "இதுல எங்கய்யா குதிரை ஓடுது, வெறும் அட்டைக்கு இவ்வளவு காசா" என்கிறது. தென்காசியில் ஒருவர் அனுப்பினார், இலஞ்சியில் ஒருவர் அனுப்பினார், கடைசியில் புனலூரில் இருக்கிற என் மச்சினனே அனுப்பி "என்ன மச்சான் இது" என்று கேட்டான். போட்டவர் யார் என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன், நல்ல மனிதர்தான், அவர் பிள்ளை நம்ம கடைக்கு வருகிற பிள்ளை.

ஆனால் அந்த வீடியோவை ஒரு தடவை நிறுத்தி நிதானமாகப் பாருங்கள். போன் எங்கே இருக்கிறது? பெட்டிக்கு மேலே. விளிம்புக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்து எடுத்திருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் எந்தப் பெட்டியிலும் எந்தக் குதிரையும் ஓடாது. உலகத்தில் யார் செய்த பெட்டியாக இருந்தாலும் சாம்பல் கோடுதான் தெரியும், ஏனென்றால் பன்னிரண்டு படமும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும்போது கண்ணுக்கு எல்லாம் ஒன்றோடொன்று கலந்து இழுபட்டுப் போகும். பக்கவாட்டில் இருக்கிற இடுக்குகள் எதற்கு? அழகுக்கா? கண்ணை அந்த இடுக்குகளின் உயரத்துக்கு இறக்கி, அதன் வழியாக எதிர்ப்பக்கம் உள்ள படத்தைப் பார்க்க வேண்டும். ஒரு இடுக்கு கண்ணைத் தாண்டும் அந்தக் கணத்துக்கு மட்டும் ஒரு படம் தெரிகிறது, உடனே அட்டை வந்து மறைக்கிறது, அடுத்த இடுக்கு வரும்போது அதே இடத்தில் அடுத்த படம் வந்து நிற்கிறது. நடுவில் அந்த மறைப்பு இருப்பதால்தான் படம் இழுபடாமல் தெளிவாகத் தெரிகிறது. நொடிக்கு ஒரு சுற்று சுற்றினால் 12 படம், குதிரை ஓட அது போதும். போனிலும் எடுக்கலாம், கேமராவை இடுக்குக்கு நேராகக் கிட்டே வைத்து எடுத்தால் அதிலும் ஓடுகிறது, கடையில் எடுத்தே காட்டியிருக்கிறேன்.

இதை நான் கண்டுபிடித்த மாதிரியும் சிலர் பேசுகிறார்கள், ஏதோ அண்ணாச்சி தந்திரம் என்று. 1832-33இல் பெல்ஜியத்தில் ஜோசப் பிளாட்டோ என்பவர் ஒரு வட்டத் தட்டில் படம் வரைந்து, ஓரத்தில் இடுக்கு வெட்டி, கண்ணாடி முன்னால் நின்று சுற்றிப் பார்க்கும்படி செய்தார். அதை ஒரு நேரத்தில் ஒரு ஆள்தான் பார்க்க முடியும். 1834இல் இங்கிலாந்தில் வில்லியம் ஜார்ஜ் ஹார்னர் அதை உருளையாக்கினார், கண்ணாடி தேவையில்லாமல் போனது, சுற்றிலும் நாலு பேர் உட்கார்ந்து ஒரே சமயத்தில் பார்க்கலாம் என்றானது. ரெண்டு பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இந்த ஒரு வித்தியாசம் எவ்வளவு பெரிய நிம்மதி என்று உங்களுக்குத் தெரியும். அப்புறம் 1867இல் அமெரிக்காவில் வில்லியம் லிங்கன் என்பவர் காப்புரிமை வாங்க, அங்கே ஒரு பொம்மைக் கம்பெனி கடை கடையாக விற்றது. அப்போதே இடுக்கு மேல் பாதியில், படப் பட்டை கீழ்ப் பாதியில், பட்டையை மட்டும் எடுத்து வேறு பட்டை போடலாம். நம்ம பெட்டியும் அதே அமைப்புதான், ஒரு மாற்றமும் இல்லை. குதிரைக்கும் கதை இருக்கிறது. ஓடும்போது நாலு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புமா என்ற கேள்விக்காக மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் 1878இல் கேமராக்களை வரிசையாக வைத்து எடுத்த படங்களைப் பார்த்துத்தான் நம்ம பட்டையை வரைந்தது. எழும்புகிறது. பட்டையில் கால்கள் வயிற்றுக்குக் கீழே சுருண்டிருக்கும் படத்தைப் பாருங்கள், அதுதான்.

இன்னொரு புகார், குதிரை கொஞ்சம் ஒல்லியாகத் தெரிகிறது என்று. ஆமாம், தெரியும். நாம் பார்க்கிற இடுக்கு ஒரு பக்கம் போகிறது, எதிரே உள்ள படம் மறுபக்கம் போகிறது, அதனால் படம் அகலத்தில் சற்று ஒடுங்கிவிடும். நம்ம பட்டையில் குதிரையை அதற்காகவே கொஞ்சம் அகலமாக வரைந்திருக்கிறோம். பிள்ளைகள் சொந்தமாகப் பந்து வரைந்தால் உருண்டையாக வரையாமல் முட்டை மாதிரி படுக்கையாக வரையச் சொல்லுங்கள், சுற்றும்போது உருண்டையாகிவிடும்.

வெளிச்சமும் முக்கியம். பெட்டியின் உள்ளே, படத்தின் மேல் வெளிச்சம் விழ வேண்டும், வெளிப்பக்கம் இருட்டாக இருக்க வேண்டும், வெளியே கறுப்புத் தாள் ஒட்டியிருப்பது அதற்குத்தான். வாசல் பக்கம் பகல் வெளிச்சத்தில் பார்த்தால் அருமையாக இருக்கும். சில எல்.இ.டி. பல்புகள் கரண்ட்டோடு சேர்ந்து நொடிக்கு 100 தடவை மின்னுகின்றன, கண்ணுக்கு அது தெரியாது, ஆனால் பெட்டி சுற்றும்போது படத்தில் பட்டை பட்டையாக ஒரு நடுக்கம் வரும். பல்பை மாற்றிப் பாருங்கள், என்னைத் திட்டுவதற்கு முன்னால்.

சரி, 'வெறும் அட்டை' என்ற பேச்சுக்கு வருகிறேன். அட்டைதான். சிவகாசியிலிருந்து வருகிற கெட்டி அட்டை, ஒரு பக்கம் கறுப்பு, உள்பக்கம் வெள்ளை. இந்த அட்டையை வளைக்கும்போது விரிசல் விடக் கூடாது, சாரல் காலத்தில் நமுத்து நெளியக் கூடாது. நம்ம ஊர் சாரலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? ஜூன் பிறந்தால் கணவாய் வழியாகக் காற்று ஈரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து அலமாரிக்குள் இருக்கிற நோட்டைக்கூட உப்ப வைக்கிறது. மெல்லிய அட்டையில் செய்தால் பெட்டி ஒரே வாரத்தில் கோழி முட்டை வடிவத்துக்கு வந்துவிடும், அப்புறம் ஒரு பக்கம் படம் கிட்டே, ஒரு பக்கம் எட்டே. அதனால் கனத்தைக் குறைக்காமல் அதே அட்டையைத்தான் போடுகிறோம், அட்டைக்காரரும் லாரிக்காரரும் ஏற்றியதில் பெட்டி 220இலிருந்து 260 ஆகியிருக்கிறது, ஆனாலும் அடியில் உள்ள பேரிங் பழையபடி நல்ல பேரிங்தான், பிளாஸ்டிக்குக்கு மாறவில்லை.

"இதை வீட்டிலேயே செய்யலாமே" என்றும் அந்தக் குரூப்பில் ஒருவர் எழுதியிருந்தார். தாராளமாகச் செய்யலாம், நானே சொல்லித் தருகிறேன், ஒளிக்க ஒன்றுமில்லை. வீட்டில் சும்மா கிடக்கிற பழைய சி.டி. ஒன்றை எடுங்கள். அதன் அகலம் 12 செ.மீ., சுற்றளவு 37.7 செ.மீ. வரும். 10 செ.மீ. உயரத்தில், ஒட்டுவதற்கு 1 செ.மீ. கூடுதலாக விட்டு 38.7 செ.மீ. நீளத்துக்குக் கறுப்பு சார்ட் அட்டை வெட்டுங்கள். மேல் பாதியில் 3.14 செ.மீ.க்கு ஒரு இடுக்கு, மொத்தம் 12. ஒவ்வொன்றும் 3 மி.மீ. அகலம், 4 செ.மீ. உயரம். இடுக்கு அகலமானால் படம் மங்கும், ஒடுங்கினால் இருட்டும், 3 மி.மீ. சரியாக இருக்கிறது. அட்டையை சி.டி.யைச் சுற்றி வளைத்து ஒட்டுங்கள். சுற்றுவதற்கு பேரிங் வேண்டாம். உயரமான பேனா மூடி ஒன்றைக் கவிழ்த்து சி.டி.யின் நடுத் துளையில் நிறுத்தி, வாய் கீழே திறந்திருக்கும்படி பசை போட்டு ஒட்டிவிட்டு, மரக்கட்டையில் அறைந்த ஆணிமுனையில் அந்த மூடியை மாட்டி நிறுத்துங்கள். தாங்குகிற முனை மூடியின் உச்சியில், பெட்டியின் நடு உயரத்தில் இருப்பதால் ஆட்டம் குறைவு, விரலால் தட்டினால் நன்றாகவே சுற்றும். படப் பட்டைக்கு ஏ4 தாளின் நீளம் 29.7 செ.மீ. மட்டும் என்பதால் ரெண்டு துண்டை ஒட்டிக்கொள்ள வேண்டியிருக்கும், ஒட்டிய இடம் ஒரு படத்தின் நடுவில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குதிரையெல்லாம் முதலில் வேண்டாம். குதிக்கிற பந்து, கண் சிமிட்டுகிற முகம், விரிகிற பூ, இவை போதும். முக்கியமாக, பன்னிரண்டாவது படம் முடிந்து முதல் படத்துக்குத் தாவும்போது துள்ளல் தெரியக் கூடாது. அதற்கு முதல் படத்தையும் ஏழாவது படத்தையும் வரைந்துவிட்டு நடுவில் உள்ளவற்றை நிரப்பச் சொல்லுங்கள், பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். காட்சி பின்னோக்கி ஓடினால் பதற வேண்டாம், மறுபக்கமாகச் சுற்றுங்கள்.

இந்த இடத்தில் ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஓணம் லீவில் தென்மலைப் பக்கத்திலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம் வந்தது, பேச்சில் பாதி மலையாளம், பாதி நம்ம ஊர்த் தமிழ், இந்த எல்லையில் எல்லா வீடும் அப்படித்தானே. அந்தப் பெண்பிள்ளை கழுதுருட்டி பதிமூணு கண்ணறைப் பாலத்தில் ரயில் போவதை வரைந்து கொண்டுவந்தாள். கண்ணறைக்கு, அதாவது பாலத்தின் ஒவ்வொரு வளைவுக்கும், ஒன்று என்று கணக்குப் போட்டு 13 படம். பெட்டியில் இடுக்கு 12தான். "ஒண்ணைக் குறைக்கணும் பாப்பா" என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவளே பட்டையை உள்ளே போட்டுச் சுற்றிவிட்டாள். ரயில் இருந்த இடத்தில் நிற்காமல் மெல்ல மெல்ல நகர்ந்து போய்க்கொண்டே இருந்தது! படம் இடுக்கைவிட ஒன்று கூடினால் சுற்றும் பக்கமாகவே காட்சி நகரும், 11 வரைந்தால் எதிர்ப்பக்கம் நகரும். புத்தகத்தில் படித்திருக்கிறேன், ஆனால் பார்த்தது அன்றைக்குத்தான். கடையில் நின்ற எல்லாரும் குனிந்து குனிந்து பார்த்தோம். அவள் அப்பா மட்டும் மேலே இருந்து எட்டிப் பார்த்துக்கொண்டு "ஒண்ணும் காணல்லியே" என்றார்.

கடைத் தம்பியை விசாரிக்கிறீர்கள். அவன் புனலூரில் ஒரு பிரிண்டிங் வேலைக்குப் போய்விட்டான். கேரளாவில் கூலி கூடுதல், அவன் வீட்டிலும் தேவை இருக்கிறது, போகாதே என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? கைத்திறமைக்காரன், ஸ்டீல் ஸ்கேலை வைத்து கட்டரை இழுத்தால் பன்னிரண்டு இடுக்கும் அச்சில் அடித்த மாதிரி வரும். இப்போது வீட்டில் அவர்களும் நானும்தான் பெட்டி வேலையைப் பார்க்கிறோம், பேரிங் பொருத்துவது, கறுப்புத் தாள் ஒட்டுவது, பட்டை அச்சடிப்பது எல்லாம் முன்னைவிடக் கவனமாகவே நடக்கிறது. இடுக்குகள் மட்டும் இனி பென்சில் கோடாக வரும், வீட்டில் பெரியவர்கள் வெட்டிக்கொள்ள வேண்டும், பிள்ளைகளுக்கு அது இன்னும் குஷி. அட்டை வளைக்காமல் தட்டையாக இருக்கும்போதே, அடியில் பழைய சார்ட்டை மடித்து வைத்துக்கொண்டு, ஒரே அழுத்தாக அழுத்தாமல் லேசாக மூன்று தடவை கத்தியை இழுங்கள்.

இந்தக் குழப்பத்துக்கு நடுவிலும் தங்கள் பிள்ளை வரைந்த பட்டை ஓடுகிற வீடியோவை, சரியாக இடுக்கு வழியாக எடுத்து, அதே குரூப்பில் போட்ட தாய்மார்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. கேட்காமலே செய்தீர்கள். புளியரையிலிருந்து பஸ் ஏறி வந்து "அண்ணாச்சி, கவலைப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு ஒரு நோட்டு வாங்கிப் போன டீச்சருக்கும், ஆரியங்காவு டீக்கடையில் நம்ம பெட்டியை மேசை மேல் வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் சுற்றிக் காட்டுகிறவருக்கும், பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு மொத்தமாக வாங்கிய ஆசிரியர்களுக்கும் என் வணக்கம். உங்களால்தான் இந்த வேலையை விடாமல் செய்கிறேன், பைண்டிங்கில் இதைவிட லாபம் வரும்.

வீடியோ போட்டவருக்கும் ஒன்று சொல்கிறேன். கோபம் இல்லை. பெட்டியைக் கொண்டுவாருங்கள், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், கடை வாசலில் ஒரு ஸ்டூலில் வைத்துச் சுற்றுவோம். அப்படியும் ஓடவில்லை என்றால் பணத்தை எண்ணிக் கையில் தருகிறேன்.

சாரலில் பெட்டி நெளிந்துபோனவர்கள் தூக்கிப் போட வேண்டாம். எடுத்து வந்தால் புது விளிம்பு ஒட்டித் தருகிறோம், காசு வேண்டாம். படப் பட்டைகள் தனியாகவும் கிடைக்கும், வெறும் வெள்ளைப் பட்டை, கட்டம் போட்டது, ரெண்டும் இருக்கிறது. ஞாயிறு மதியம் வரைதான் கடை. எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து வருகிறவர்கள் போன் பண்ணிவிட்டு வாருங்கள், பெட்டியை எடுத்து வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் பைண்டிங் கடை அண்ணாச்சி,
செங்கோட்டை