எடைக்காரருக்கு முன்னால் எனக்கு ஒரு போன் செய்யுங்கள்

வார, மாத இதழ்களின் ஆசிரியர்களுக்கும் உரிமையாளர்களுக்கும் உங்கள் கதைகளுக்குப் படம் போட்ட ஒரு ஓவியன் பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து எழுதுவது. வணக்கம்.

போன மாதம் மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் கடை ஒன்றில், நான் வரைந்த படத்தை நானே 300 ரூபாய் கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தேன். கடைக்காரர் 500 சொன்னார், பேரம் பேசித்தான் 300. அச்சான பக்கம் இல்லை, ஒரிஜினல். காசிமேட்டில் ஒரு மீன்காரம்மா தலையிலிருந்து கூடையை இறக்குகிற படம். ஓரத்தில் லேஅவுட் பார்த்தவர் நீலப் பென்சிலில் கிறுக்கிய "2 காலம்", அதாவது இரண்டு பத்தி அகலம் என்ற குறிப்பு, அப்படியே இருந்தது (அச்சுக்குப் படம் பிடிக்கிற கேமராவில் வெளிர் நீலம் விழாது என்பதால் எல்லாக் குறிப்பையும் அதில்தான் எழுதுவார்கள்). கையெழுத்துப் போட்டிருந்த மூலையைக் கரையான் தின்றுவிட்டது. முழங்கைக்குக் கீழே தப்பாகப் போன ஒரு கோட்டின் மேல் நான் பூசிய வெள்ளையைக் காட்டித்தான் இது என்னுடையது என்று அடித்துச் சொன்னேன். "ஆதாரம் இன்னா சார்?" என்றார் அவர். நியாயமான கேள்விதான்.

எந்தப் பத்திரிகையின் குடோனிலிருந்து அது எடைக்குப் போனது என்று எனக்குத் தெரியும். சொல்லப் போவதில்லை. ஒருவர் பேரைச் சொன்னால் மற்றவர்களெல்லாம் நிம்மதியாகத் தூங்கிவிடுவீர்கள்.

அந்தப் படத்துக்காக விடிகாலை ஐந்து மணிக்குக் காசிமேட்டில் போய் நின்றேன். கூடை தலையில் எப்படி நிற்கிறது, சும்மாடு எவ்வளவு தடிமன், கூடையை இறக்கும்போது எந்தத் தோள் முதலில் சாய்கிறது என்றெல்லாம் பார்த்து, சின்ன நோட்டில் ஏழெட்டுத் தடவை பென்சிலில் போட்டுப் பார்த்தேன். இத்தனைக்கும் கதையை முழுசாகப் படிக்கக் கொடுக்கவில்லை. போனில் "மீன்காரம்மா, பையன் படிக்கப் போயிட்டான், சோகம்" என்றார்கள், அவ்வளவுதான். (இப்போது கம்ப்யூட்டர் போட்டுத் தரும் படங்களில் சும்மாடே இல்லாமல் கூடை தலையில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அது வேறு சண்டை, இன்னொரு நாள்.)

அப்புறம் மை. இந்தியன் இங்க்கில் அரக்கு கலந்திருக்கும், காற்று பட்டால் நிப்பு முனையிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். அதனால் மே மாத மத்தியானத்திலும் ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் உட்கார வேண்டும். கடற்காற்றுக்கு போர்டு, அதாவது வரைகிற அட்டை, ஈரம் வாங்கியிருந்தால் மயிரிழைக் கோடு கம்பளிப் பூச்சி மாதிரி பரவும். மணிக்கட்டுக்கு அடியில் கைக்குட்டையை மடித்து வைத்துக்கொள்வேன், ஒரு சொட்டு வியர்வை விழுந்தால் நாலு மணி நேர வேலை போச்சு. அச்சில் வருவதைப்போல ஒன்றரை மடங்கு பெரிதாக வரைவோம். சுருங்கும்போது கை நடுக்கம் மறையும், ஆனால் கோடுகளை அளவுக்கு மீறி நெருக்கிவிட்டால் மை அடைத்துக்கொண்டு அந்த இடம் தார் பூசினது போல ஆகிவிடும். அன்றைக்கு லைன் பிளாக் என்பது துத்தநாகத் தகடு, கோடு இல்லாத இடத்தையெல்லாம் அமிலம் அரித்துவிடும். மிஞ்சுவது கறுப்பு ஒன்றுதான், சாம்பல் என்று ஒரு நிறமே கிடையாது. நிழல் வேண்டுமா, குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு வாசகர் கண்ணை ஏமாற்று. மட்டமான நியூஸ்பிரிண்டிலும் படம் தெளிவாக விழுந்தது அப்படித்தான்.

கல்கியில் 1950 முதல் 1954 வரை வந்த பொன்னியின் செல்வனுக்கு மணியம் போட்ட படங்களையும், தில்லானா மோகனாம்பாளுக்குக் கோபுலு போட்ட படங்களையும், கோயில் கோயிலாகப் போய் உட்கார்ந்து சில்பி வரைந்ததையும் நம் ஜனங்கள் பக்கம் பக்கமாகக் கிழித்து பைண்ட் செய்து பரண்மேல் வைத்துக் காப்பாற்றினார்கள். காசு கொடுத்து இதழ் வாங்கினவர்களுக்கு இருந்த அந்த அக்கறை, ஒரிஜினல் கையில் இருந்த உங்களுக்கு வேண்டாமா? நான் அந்தப் பெரியவர்கள் வரிசையில் இல்லை. ஆனால் எடைக்கல்லுக்கு அந்த வித்தியாசம் தெரியாது பாருங்கள்.

"அதான் காசு கொடுத்துவிட்டோமே" என்பீர்கள். என் கணக்கில் நீங்கள் காசு கொடுத்தது அச்சிடுவதற்கு, அட்டையைக் கரையானுக்குப் போடுவதற்கு இல்லை. சட்டமும் எங்களைச் சுத்தமாகக் கைவிட்டுவிடவில்லை. 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, உரிமையை எழுதிக் கொடுத்த பிறகும் "இதைப் போட்டவன் நான்" என்று சொல்லிக்கொள்ளும் உரிமை வரைந்தவனுக்கு உண்டு என்கிறது. ஆனாலும் பாதிக் கதைகளில் படம் போட்டவர் பேர் இருப்பதில்லை. ஒரிஜினல் ஓவியம் கைமாறும்போது விலை 10,000 ரூபாயைத் தாண்டினால் வரைந்தவருக்கு அதில் பங்கு கொடுக்கச் சொல்லி 53ஏ என்று ஒரு பிரிவும் இருக்கிறது. என் படம் 300க்குப் போனது, வாங்கினவனும் நானே. யாரிடம் போய்ப் பங்கு கேட்பது?

சரி, கோர்ட்டுக்கெல்லாம் நான் போகப் போவதில்லை, இந்த வயதில் ஏறி இறங்க முடியாது. கேட்பது ஒன்றே ஒன்று. உங்கள் அலுவலகப் பரணிலும் குடோனிலும் கட்டிக் கிடக்கும் படங்களை அவிழ்த்துப் பாருங்கள். வரைந்தவர் இருந்தால் அவரிடம், இல்லையென்றால் அவர் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுங்கள். அந்த மை கார்பன், நாற்பது வருஷம் ஆனாலும் வெளுக்காது. போர்டுதான் தாங்காது, ஒரு மழைக்காலம் ஒழுகினால் போதும்.

அதற்கும் நேரமில்லை என்றால், குடோனைக் காலி செய்கிற அன்று எடைக்காரரைக் கூப்பிடுவதற்கு முன்னால் எனக்கு ஒரு போன் செய்யுங்கள். என் நம்பர் உங்கள் அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருக்கும், பாக்கி கேட்டு அத்தனை தடவை பேசியிருக்கிறேன். கிலோவுக்கு அவர் என்ன தருவாரோ அதையே நானும் தருகிறேன். ஆட்டோ செலவும் என்னுடையது.