கயிறு பிடிக்க ஆள் வேண்டும்

தங்கச்சிமடம்

அன்புள்ள மாப்பிள்ளை,

நீ போட்டுவிட்ட 25,000 ரூபாயைத் திருப்பி அனுப்பிவிட்டேன். "ஊருக்கு ஏதாவது செய்" என்று ஒரு வரி வேறு. கோபித்துக்கொள்ளாதே, காரணம் இருக்கிறது. போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்கு மூட்டுவலி, வாய் மட்டும் பழையபடி. சின்னவள் பரமக்குடியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். கணக்கு வாத்தியார் இன்னும் உன்னை ஜாமெட்ரி பாக்ஸ் என்றுதான் விசாரிக்கிறார். 2025 ஏப்ரலில் பாம்பனில் புது ரயில் பாலம் திறந்ததிலிருந்து ரயில் ராமேஸ்வரம் வரை வருகிறது. மண்டபத்தில் இறங்கிப் பஸ்ஸுக்கு அடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாயே, அந்தச் சாக்கும் போயிற்று.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் கரையில் கரைவலை இழுப்பது, அதுதான் கடலில் விட்ட வலையைக் கரையில் நின்று கயிறு பிடித்து இழுப்பது, நினைவிருக்கிறதா? பங்குக்காரர்கள் போக, வழியில் போகிற யார் கயிறைப் பிடித்தாலும் கடைசியில் ஒரு கை குழம்பு மீன் கிடைக்கும். நாம் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு அங்கேதான் நிற்போம். ரிட்டயர் ஆன போஸ்ட்மேன், டீக்கடைக்காரர், வேலை கிடைக்காமல் திரிந்த நம் ஒட்டடைக்குச்சி, எல்லோரும் வருவார்கள். யாருக்கும் மீன் பெரிதில்லை. இழுக்கிற நேரத்தில் ஊர்க்கதை முழுக்க வந்து விழும்.

போன வருஷம் வலைக்காரர் மகன் வளைகுடாவிலிருந்து திரும்பினான். நல்ல பையன். "வயசானவங்க சும்மா இழுக்குறாங்களே" என்று மனசு கேட்காமல், கயிறு பிடித்தால் ஆளுக்கு 200 ரூபாய் என்று ஆரம்பித்தான். அதுவும் அந்த இடத்திலேயே ஜீபேயில். முதலில் கூட்டமான கூட்டம். அப்புறம்தான் வேடிக்கை. போஸ்ட்மேன் வருவதை நிறுத்திவிட்டார். கேட்டதற்கு, "நான் என்ன கூலிக்கா போனேன்?" என்றார். மீன் வரத்து குறைந்ததும் பையனால் 200 கொடுக்க முடியவில்லை, பழையபடி மீன் தருகிறேன் என்றான். இப்போது அதற்கும் ஆள் வருவதில்லை. "இவ்வளவு மீனுக்கா?" என்கிறார்கள். அதே மீன்தான், மாப்பிள்ளை. முன்பு யாரும் அதை ரூபாயில் கணக்குப் பார்த்ததில்லை.

பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பொருளாதாரம் நடத்துகிறவன், சும்மா இருப்பேனா? இதே கதை இஸ்ரேலில் ஹைஃபா நகரத்திலும் நடந்திருக்கிறது. யூரி நீஸி, ஆல்டோ ருஸ்டிகினி என்று இரண்டு பொருளாதாரக்காரர்கள் 10 குழந்தைக் காப்பகங்களை எடுத்துக்கொண்டு பார்த்தார்கள். சிலவற்றில், பிள்ளையைக் கூட்டிப்போகத் தாமதமாக வருகிற பெற்றோருக்கு அபராதம் போட்டார்கள். தாமதம் கூடிவிட்டது! டீச்சர் காத்திருக்கிறாரே என்ற கூச்சம் இருந்த இடத்தில் ஒரு விலை வந்து உட்கார்ந்துகொண்டது. அபராதத்தை எடுத்த பிறகும் பழைய கூச்சம் திரும்பவில்லை. 2000-ல் வெளியான ஆய்வு. நம் காலேஜில் இதையெல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தால் நீ கம்ப்யூட்டர் பக்கம் ஓடியிருக்க மாட்டாய்.

உடனே, "அப்ப போன்தான் ஊரைக் கெடுத்துவிட்டது என்கிறாய்" என்று பாய்வாய். இல்லை. கார்த்திகையில் ஒரு ராத்திரி, தென்கடலில் குருசடைத் தீவுக்கு அப்பால் ஒரு ஃபைபர் படகுக்கு எஞ்சின் நின்றுவிட்டது. வாடைக்காற்று படகை வெளிக்கடலுக்குத் தள்ளுகிறது. படகில் இருந்த பையன் வாட்ஸ்அப் குரூப்பில் அழுதுகொண்டே குரல் பதிவு போட்டான், கூடவே இடத்தையும் அனுப்பினான். டீ ஆறுவதற்குள் மூன்று படகு கிளம்பிவிட்டது. அதில் ஒரு படகுக்காரருக்கும் அவன் குடும்பத்துக்கும் ஏலத்தகராறில் பேச்சே கிடையாது. டீசல் காசை இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை, அவர்களும் கொடுத்துப் பார்க்கவில்லை. கொடுத்திருந்தால் அடிதான் விழுந்திருக்கும். 200 ரூபாய் வந்து விழுந்ததும் இதே போனில்தான்.

ஊரைப் பெரிதாகப் பேசுகிறேன் என்று நினைக்காதே. வியாபாரியிடம் முன்பணம் வாங்கினவன் மீனை அவருக்குத்தான் கொடுக்க வேண்டும், விலையும் அவர் வைத்ததுதான். வம்புப் பேச்சு உனக்கே தெரியும், உன் கல்யாணத்தில் பட்டாயே. ஆனாலும் சின்னப்பாலத்துப் பெண்களைப் பார். கடல்பாசி எடுத்து விற்றால்தான் அவர்களுக்கு அடுப்பு எரியும். அப்படியிருந்தும் பாசி வளர விட வேண்டும் என்று, மாதத்தில் 12 நாள்தான் கடலில் இறங்குவது எனத் தாங்களே பேசி முடிவெடுத்தார்கள். இதை எந்தக் கணக்கில் எழுதுவாய்?

இப்போது உன் விஷயம். அன்று ராத்திரி போனில், "52 வயசுல வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, என் வேலைய இப்ப மெஷின் பாக்குது, இனி நான் யாருக்குடா வேணும்?" என்றாய். நான் ஏதோ கேலி பேசி மழுப்பினேன். அதற்கப்புறம் தூக்கமே வரவில்லை. பணம் இருக்கிறது, வீடு இருக்கிறது, நடந்த தூரத்தைச் சொல்ல ஒரு செயலி, மூச்சு விடச் சொல்லித்தர இன்னொன்று. அடுக்குமாடியில் எதிர்வீட்டுக்காரர் பேர் மட்டும் தெரியாது.

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும். நிவாரணம் 8,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். வருவதற்குள், ஆதார் சேரவில்லை, ஓடிபி வரவில்லை, பேரில் ஒரு எழுத்து தப்பு என்று கிழவிகள் படாத பாடு படுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் கடைக்காரனுக்குக் காசு. சாயங்காலம் வலை பின்னுகிற கொட்டகையில் உட்கார்ந்து நான் முடிந்ததைச் செய்கிறேன். எனக்குப் பாதி புரிவதில்லை. வெளிநாட்டு வங்கிகளுக்கெல்லாம் மென்பொருள் எழுதினவனுக்கு நம் ஊர்க் கிழவியின் ஓடிபி பெரிய காரியமா? அவர்கள் மீன் கொண்டு வருவார்கள், வாங்கிக்கொள். பதிலுக்கு எவ்வளவு என்று பர்ஸை எடுத்தாயோ, அன்றைக்கே ரயிலேற்றிவிடுவேன்.

பங்குனி முடிவதற்குள் டிக்கெட் போடு. மாடி அறையைக் கழுவி வைக்கச் சொல்லியிருக்கிறேன், ஃபேன் மட்டும் சத்தம் போடும். தங்கச்சியையும் கூட்டி வா, அவள் வந்தால்தான் அம்மா உருப்படியாகச் சமைப்பாள். அப்புறம், காலேஜில் வாங்கிப் போன என் டார்ச் லைட்டையும் கொண்டு வா. தொலைந்துவிட்டது என்ற கதை என்னிடம் வேண்டாம்.

உன்
மச்சான்