'மற்றவை' கட்டத்தில் டிக் அடித்தவள் எழுதுவது

வெளிநாட்டுப் படிப்புக்கு உதவித்தொகை வழங்கும் அமைப்புகளின் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். இரண்டு வருட முதுகலைப் படிப்பின் ஒன்பதாவது மாதத்தில் ஊர் திரும்பியவள் நான். காரணம், கர்ப்பம். எனக்குப் பணம் தந்த அமைப்பின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை.

விலகல் படிவத்தில் காரணம் கேட்கும் இடத்தில் ஐந்து கட்டங்கள் இருந்தன: தேர்ச்சியின்மை, ஒழுங்கு நடவடிக்கை, வேலை கிடைத்தல், உடல்நலக் குறைவு, மற்றவை. கர்ப்பம் நோயில்லையே என்று நான்காவதை விட்டுவிட்டு ஐந்தாவதில் டிக் அடித்தேன். விவரம் எழுத ஒரு விரல் நீளத்துக்குக் கோடு. அதில் எத்தனை எழுதிவிட முடியும்?

உண்மையில் நான் விலகவே கேட்கவில்லை. ஒரு வருடம் ஒத்திவைக்கத்தான் கேட்டேன். பல்கலைக்கழகம் சரி என்றுவிட்டது. உதவித்தொகையோ 'இடைவிடாத' படிப்புக்கு மட்டும்தான். விடுப்பு எடுத்தால் தொகை நிற்கும், தொகை நின்றால் விசாவுக்குக் காட்டப் பணம் இருக்காது. ஒரு சொல் போதும், மொத்தத்தையும் முடிச்சுப் போட்டுவிடுகிறது.

பத்தாவது வாரத்தில் கடிதம் எழுதினேன். உங்கள் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் கூடுமாம். பதில் வந்தபோது இருபத்து மூன்றாவது வாரம். விமான நிறுவனங்கள் பொதுவாக 28 வாரத்துக்குப் பிறகு மருத்துவர் கடிதம் கேட்கும். 36-ஐத் தாண்டினால் பெரும்பாலும் ஏற்றாது. வயிற்றில் இரட்டை என்றால் அந்தக் கெடு இன்னும் முன்னாலேயே முடிந்துவிடும். நீங்கள் தந்த காப்பீட்டில் பிரசவச் செலவு கிடையாது. ஸ்கேனுக்கெல்லாம் கைக்காசுதான். அங்கேயே பெற்றுக்கொள்ள வழியில்லை, காத்திருக்கவும் நாளில்லை. கிளம்பினேன். கோப்பில் அது 'சொந்த விருப்பத்தின் பேரில் விலகல்' என்று ஏறியது.

அப்புறம் ஜாமீன் விஷயம். ஒப்பந்தத்தில் ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் அப்பா. முழுத் தொகையையும் திருப்பிக் கட்டச் சொல்லும் நோட்டீஸ் எனக்கு வரும் முன்பே அவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. 'ஒப்பந்தத்தை மீறிய தங்கள் மகள்' என்று தொடங்கும் அந்தக் கடிதத்தை அவர் இன்னும் மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார்.

பணத்தைத் திருப்பிக் கேட்பதே அநியாயம் என்று நான் சொல்லவில்லை. அது பலருடைய பணம். படிப்பை முடித்துவிட்டு ஒப்பந்தப்படி வேலை செய்யாமல் நழுவுகிறவரிடம் கேளுங்கள். நான் படிப்பை முடிக்கிறேன் என்றுதானே கேட்டேன்?

பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்க ஐ.நா. 1979-இல் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையின் 10-ஆவது பிரிவு, உதவித்தொகையில் ஆணுக்குள்ள அதே வாய்ப்பு பெண்ணுக்கும் வேண்டும் என்கிறது. அடுத்த பிரிவு, கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்குவதைத் தடுக்கச் சொல்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2000-ஆம் ஆண்டு உடன்படிக்கை 14 வார மகப்பேறு விடுப்பாவது வேண்டும் என்கிறது. ஆனால் உதவித்தொகையில் படிப்பவள் ஊழியரும் இல்லை, சொந்தக் காசில் படிக்கும் மாணவியும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் விழுந்தவளை யாரும் தங்கள் கணக்கில் எழுதிக்கொள்வதில்லை.

நேர்முகத் தேர்வில் உங்களில் ஒருவர், "குழந்தை பற்றி என்ன யோசனை?" என்று கேட்டார். சிரித்து மழுப்பினேன். கேள்வி கேட்கத் தெரிந்த உங்களுக்கு அதற்கொரு விதி எழுதத் தோன்றவில்லை.

படிவத்தில் 'மகப்பேறு இடைநிறுத்தம்' என்று ஒரு கட்டம் சேருங்கள். 'இடைவிடாத' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். இந்த மாதிரி விண்ணப்பத்துக்குக் குழு கூடும்வரை காத்திருக்காமல் இரண்டு வாரத்தில் பதில் தாருங்கள். காப்பீட்டில் பிரசவத்தையும் சேருங்கள்.

எனக்கென்று கேட்பது ஒன்றுதான். என் கோப்பில் 'சொந்த விருப்பத்தின் பேரில்' என்பதை அடித்துவிட்டு, திருத்திய கடிதத்தை அப்பாவின் முகவரிக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் முன்னாள் மாணவி