தீவுகளுக்கு மேல் ட்ரோன் பறக்கட்டும், ஆனால் எங்களையும் சேர்த்துக்கொண்டு

தமிழ்நாடு வனத்துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் உள்ள மன்னார் வளைகுடாத் தீவுகளைப் பற்றித்தான் இந்த மடல். 21 தீவுகள் என்று இன்னமும் சொல்கிறோமே தவிர, பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் எப்போதோ கடலுக்குள் போய்விட்டன. பல வருடங்களாகப் பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்ததில், அலையைத் தாங்க முன்னால் எதுவும் இல்லாமல் போனதுதான் அதற்கு முக்கியக் காரணம். காரியாச்சல்லி 1969இல் 20 ஹெக்டேருக்கு மேல் இருந்தது, 2018இல் 6 ஹெக்டேர்கூட இல்லை. வான் தீவும் 2 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கி, இனி தேறாது என்று இருந்த நேரத்தில்தான் அலையைத் தடுக்கும் செயற்கைப் பார்களை (கடலடிப் பாறை போன்ற அமைப்புகளை) இறக்கி அதைக் காப்பாற்றினீர்கள். அது நல்ல வேலை, மனதாரச் சொல்கிறேன்.

ஆனால் அளவெடுப்பது போதவில்லை. இலவசமாகக் கிடைக்கும் சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி என்பது 10 மீட்டருக்கு 10 மீட்டர். 2 ஹெக்டேர் தீவு அதில் வெறும் 200 புள்ளிதான், கரை இரண்டு மீட்டர் அரித்துப்போனால் கண்டுபிடிப்பது கஷ்டம். போதாததற்கு, வடகிழக்குப் பருவமழை நேரத்தில், அதாவது எதைப் பார்க்க வேண்டுமோ அந்த நேரத்தில், மேகம் மூடிக்கொள்கிறது.

சின்ன ட்ரோன் மேகத்துக்குக் கீழேயே பறக்கும். ஒன்றின்மேல் ஒன்று படியும்படி நூற்றுக்கணக்கான படங்களை எடுத்து இணைத்தால், சில சென்டிமீட்டர் துல்லியத்தில் தீவின் வரைபடமும் மணல்மேட்டின் உயரமும் கிடைக்கும். பருவமழைக்கு முன்னால் ஒருமுறை, முடிந்ததும் ஒருமுறை, பெரிய புயல் வந்தால் உடனே ஒருமுறை பறக்கவிடுங்கள். ஒவ்வொரு முறையும் கடல் வற்றியிருக்கும் அதே நிலையில், வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைப் பறிப்பதற்கு முன் காலையிலேயே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் போன தடவை எடுத்ததோடு ஒப்பிட முடியாது. குருசடைத் தீவுப் பக்கம் பவளத்தை மூடிப் படரும் கப்பாஃபைகஸ் பாசி ஆழமில்லாத இடங்களில் எங்கே பரவுகிறது என்றும் ஓரளவு பார்க்கலாம். தண்ணீர் கலங்கியிருந்தால் ஒன்றும் தெரியாது என்பதும் உண்மை. 2010, 2016, 2024இல் கடல் சூடேறிப் பவளம் வெளுத்ததைப் போன்றவற்றைச் சரியாகக் கணக்கெடுக்க ஆட்கள் தண்ணீருக்குள் மூழ்கித்தான் ஆக வேண்டும். அப்புறம், பறவைகள் முட்டையிடும் காலத்தில் அவை இருக்கும் திட்டுகளின் பக்கமே ட்ரோன் போகக் கூடாது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். தலைக்கு மேல் கேமரா பறந்தால் கடற்பாசி சேகரிக்கும் பெண்களும் வள்ளத்தில் போகிறவர்களும் என்ன நினைப்பார்கள்? நம்மைப் பிடிக்கத்தான் வருகிறது என்றுதான் நினைப்பார்கள். 1986இல் இந்தத் தீவுகள் தேசியப் பூங்கா ஆனதிலிருந்து, தலைமுறையாகப் போய்வந்த இடத்துக்கே பயந்து பயந்து போகிறவர்கள் அவர்கள். அதனால், தீவை அளக்க எடுத்த படத்தை வைத்து யார் மேலும் வழக்குப் போடமாட்டோம் என்று எழுத்தில் கொடுங்கள். ரோந்துக்கு ட்ரோன் வேண்டுமென்றால் அதைத் தனியாக, வெளிப்படையாகச் சொல்லிச் செய்யுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால், எந்த இடத்தில் மணல் கரைகிறது, எந்தப் பார் செத்துவிட்டது என்று தினமும் பார்க்கிறவர்கள் உங்களிடம் வாயே திறக்கமாட்டார்கள். அந்தத் தகவல் எந்த ட்ரோனிலும் கிடைக்காது.

பறக்கவிடுவதற்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளையே எடுங்கள். 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி ட்ரோன் ஓட்டும் சான்றிதழ் பெற 18 வயதும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் இருந்து, பயிற்சியை முடித்தால் போதும். காற்று எப்போது திரும்பும், நீர் எப்போது வற்றும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பயிற்சிக்குப் பணம்தான் தடை, அதை அரசின் ட்ரோன் கழகம் வழியாக ஏற்றுக்கொள்ள முடியும்.

காரியாச்சல்லியிலிருந்து தொடங்குங்கள். இந்த வருடப் பருவமழைக்கு முன்னால் முதல் படத்தை எடுத்து, தமிழில் குறிப்போடு அச்சடித்து, கரையோர ஊர்களின் ஏலக்கூடங்களில் ஒட்டுங்கள். மழை முடிந்ததும் இரண்டாவது படத்தை அதன் பக்கத்திலேயே ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து ஒருவன்