ஒன்பதாவது படம்

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. ஆவணி முகூர்த்த வேலை குவிந்துவிட்டதில் இன்றுதான் கை ஒழிந்தது. பேரன் நடக்கிறானா? முட்டிக்குத் தைலம் தடவுவதை விட்டுவிடாதே.

நீ கொடுத்தனுப்பிய புத்தகத்தில் ஆடை வடிவமைப்பாளர் நார்மன் ஹார்ட்னல் வரைந்த அந்த நீர்வண்ணப் படத்திலேயே நின்றுவிட்டேன். 1953 ஜூன் 2 அன்று எலிசபெத் ராணி முடிசூடியபோது உடுத்திய வெள்ளை சாட்டின் கவுன். குட்டைக் கை, ஒடுங்கிய இடுப்பு, விரிந்த பாவாடை என்று அந்தக் காலத்து விருந்து கவுன் போலத்தான் இருக்கிறது.

ஒன்பது படம் வரைந்தாராம் மனிதர்! எட்டாவதில் இங்கிலாந்தின் ரோஜாவும் அதன் பக்கத்து நாடுகளின் சின்னங்களும். வேல்ஸுக்கு டாஃபடில் பூ வைக்க அவருக்கு ஆசை. லீக்தான் சின்னம் என்று சொல்லிவிட்டார்கள். வெங்காயத்தாள் மாதிரி இருக்கும் அதையும் அழகாக்கிவிட்டார். காமன்வெல்த் நாடுகளும் வேண்டும் என்று ராணி சொன்ன பிறகு வந்தது ஒன்பதாவது. கனடாவுக்கு மேப்பிள் இலை, பாகிஸ்தானுக்குக் கோதுமையும் பருத்தியும் சணலும், நமக்கும் இலங்கைக்கும் தாமரை. நம் தாமரை இதழில் முத்துச்சிப்பி வேலை, கோமதி!

படத்தில் பாவாடை பஞ்சாக மிதக்கிறது. ரவிக்கைக் கையில் நாலு கல் கூடினாலே துணி தொங்கிப்போவது நமக்குத் தெரியும். இங்கே பாவாடை முழுக்க மணியும் கல்லும். குதிரைமயிர்த் துணி கொடுத்து உள்ளே விறைப்பாக்கித்தான் நிற்க வைத்திருக்கிறார்கள். 1954-இல் கொழும்பில் நாடாளுமன்றத்தைத் திறந்துவைக்க அதையே உடுத்திப் போனபோது வெயிலில் மணியெல்லாம் சூடேறிவிட்டதாம்.

இன்னொன்று என் மனசிலேயே தங்கிவிட்டது. பாவாடையின் இடப்பக்கம், ராணியின் கை படுகிற இடத்தில், அதிர்ஷ்டத்துக்காக க்ளோவர் என்ற செடியின் நாலிலைத் தழை ஒன்றை அவரிடம் சொல்லாமலே தைக்க வைத்திருக்கிறார் ஹார்ட்னல்.

நேற்று ஒரு கல்யாணப் பெண் வந்தாள். போனில் படம் காட்டுவதற்குப் பதில் நானே நோட்டில் வரைந்து காட்டினேன். மயில் வேண்டாம் என்றாள், கொடியைக் குறைக்கச் சொன்னாள். மூன்றாவது படத்தில்தான் அவள் முகம் மலர்ந்தது. உன் பழைய வாட்டர்கலர் பெட்டி இருந்தால் யாரிடமாவது கொடுத்தனுப்பு.

அவள் ரவிக்கை ஆரி எம்ப்ராய்டரி ஸ்டாண்டில் ஏறிவிட்டது. இடது கையின் உள்மடிப்பில் ஒரு சின்ன நெற்கதிர் போடப்போகிறேன். அவளிடம் சொல்லவில்லை.

அன்புடன்,
கல்யாணி